மீசைக்காரனும் ரோடு ரோலரும் மோதிய நாள்

உலகத்தில் நடக்காத குத்துச்சண்டைகள் அத்தனையையும் நடத்தி முடித்த ஒரே மனிதர் எங்கள் ரெஃப்ரிதான். செத்துப்போன சாம்பியனையும் உயிரோடு இருக்கிற சாம்பியனையும் ஒரே மேடையில் ஏற்றி, எவன் எந்த ரவுண்டில் மல்லாந்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. யார் கொடுத்த அதிகாரம் என்று திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் அவருடைய மெஸ்ஸில் சாப்பிட்ட நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சாம்பார் வராது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, கல்யாணமாகாத ஆண்பிள்ளைகளுக்கு அந்த மெஸ்தான் கதி. முதல் நாள் இலையில் உட்கார்ந்து, "கொஞ்சம் சாம்பார்" என்றேன். சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஒல்லி மனிதர் என்னைக் கண்டிப்பாகப் பார்த்தார்.

"ரவுண்டு முடியட்டும்ங்க."

பக்கத்து இலைக்காரர் என் காதில், "ரெண்டு பேரும் கயித்துல சாஞ்சிக்கினு இருக்கானுங்க. பொறுத்துக்கங்க" என்றார். யார், எந்தக் கயிறு என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஒல்லி மனிதர் இடது கையில் வாளி, வலது கையில் கரண்டியோடு தலையைக் குனிந்து, தோளை உருட்டி, காற்றில் ஒரு குத்து விட்டார். எதிர்வரிசையில் ஒருவருடைய வெள்ளைச் சட்டை மஞ்சளாயிற்று. உள்ளேயிருந்து அவர் மனைவி தட்டை எடுத்து 'டங்' என்று தரையில் வைத்தார். அதுதான் மணி. ரவுண்டு முடிந்தது. எனக்குச் சாம்பார் கிடைத்தது.

அவர் சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அம்மாள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். ஊருக்கு அவர் ரெஃப்ரி. யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ கேன்டீனில் சமையல் செய்தவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படித்துவிட்டு எறிந்த விளையாட்டுப் பத்திரிகைகளை அடுப்பு பற்ற வைக்க எடுத்து வந்தவர், பற்ற வைக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அன்று சோறு தாமதம். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

ஹெவிவெயிட்காரர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துவிடுவார். கையுறை இல்லாமல் வெறுங்கையால் அடித்துக்கொண்ட பழைய காலத்துச் சாம்பியன் ஒருவன் மீசைக்காரன். இந்தக் காலத்துச் சாம்பியன் ஒருவன் ரோடு ரோலர். இடையில் வந்தவர்களில் மொட்டை, கழுத்தில்லாதவன், கோவக்காரன் என்று ஒரு பட்டாளமே உண்டு. எல்லோரையும் எல்லோரோடும் மோதவிட்டாயிற்று. கடைசியில் ஜெயிப்பவன் எப்போதும் மீசைக்காரன்.

கோயிலில் பூஜை முடித்து வரும் குருக்கள் ஒருவர் ஒருநாள் குறும்பாக, "இவாளெல்லாம் இருக்கட்டும் ஓய், பீமசேனன் எறங்கினா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ரெஃப்ரி சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"கதாயுதத்தைக் கீழ வெச்சிட்டு வரணும். அதுக்கு ஒத்துப்பாருங்களா?"

"ஒத்துண்டார்னே வெச்சுக்கோயேன்."

"அப்பவும் கஷ்டம் சாமி. இடுப்புக்கு மேலதான் அடிக்கணும்னு நம்ம ரூல். அவருக்குத் தொடையில அடிச்சே பழக்கம். மூணாவது ரவுண்டுல வெளிய அனுப்பிடுவேன்."

குருக்கள் அன்று மோர் கேட்காமலே எழுந்துபோனார்.

இன்னொரு சமயம், ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தயிர்சாதம் சாப்பிட வந்தார். உடைந்து ஒட்டிய மூக்கு. ரெஃப்ரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "பார்த்தீங்களா? மூணு சண்டையாவது போட்ட மூக்குங்க இது!" என்று அவருக்கு இரண்டு அப்பளம் ஜாஸ்தி போட்டார். நான் ஆங்கிலத்தில் விசாரித்தேன். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தாராம். ரெஃப்ரி நம்பவில்லை. "பெரிய சாம்பியனுங்க எல்லாம் இப்படித்தான், வெளிய சொல்லிக்க மாட்டாங்க" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. ரெஃப்ரிக்கு ஒரே பெண், வசந்தா. பெண் பார்க்க வந்த இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஜாதகத்தில் குறையில்லை. வந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ரெஃப்ரி கீழ்த்தாடைக் குத்தைச் செய்து காட்டியதில் அவருடைய கட்டுப்பல் காப்பியில் விழுந்தது முதல் இடம். இரண்டாவது இடத்தைப் பற்றி ரெஃப்ரியின் மனைவி பேச மறுத்துவிட்டார்.

மூன்றாவதாகப் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்பா ரிடையரான டிரில் மாஸ்டர். வசந்தாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. கோயிலில் ஒரு தரம் பார்த்திருக்கிறாள். ஆபீஸ்காரர் ஒருவர் கூட இருந்தால் கௌரவம் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

காலையிலேயே அந்த அம்மாள் அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் கணவரை நிறுத்திவிட்டார். "இன்னிக்கி வாயிலருந்து ஒரு குத்து வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ரெஃப்ரி சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது, மனிதர் வாயே திறக்கவில்லை. டிரில் மாஸ்டர்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அண்ணாமலையார், முருகர், லட்சுமி வரிசையில் நாலாவதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது மீசைக்காரன் படம். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போகிற பழக்கத்தில் அந்த அம்மாள் அவனுக்கும் குங்குமம் வைத்திருந்தார்.

"பெரியவரு யாருங்க? உங்க தாத்தாவா?"

"ஆமாங்க, இவரோட தாத்தா" என்று அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

டிரில் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து கிட்டே போனார். "தாத்தா சட்டை போடலியே... கால்ல பூட்ஸ் இருக்குது..." பிறகு சட்டென்று திரும்பி ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார். மீசைக்காரனின் நிஜப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவன்தானே இவன்? இந்தக் காலத்துச் சாம்பியன் முன்னாடி இவன்லாம் ரெண்டு ரவுண்டு தாங்குவானா?"

ரெஃப்ரியின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த அம்மாள் கண்ணால் கெஞ்சினார். ரெஃப்ரி ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டார். டிரில் மாஸ்டர் விடவில்லை. "சும்மா நின்ன எடத்துல நின்னுக்கினு அடிச்சவனுங்க. கால் வேலையே தெரியாது."

பஜ்ஜி இறங்கிவிட்டது. "நாள் பூரா நின்னு சண்ட போட்டவன்ங்க அவன்! உங்க ஆளு மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்டூல் போட்டு ஒக்காந்துக்குவான்."

"ஒரு எடது போதுங்க, உங்க மீசை மலைக்கு அந்தாண்ட அடி அண்ணாமலைல போய் வுழும்!"

"பசங்களுக்குக் கைய தூக்கு, காலைத் தூக்குனு சொன்னவருக்கு பாக்ஸிங் இன்னாங்க தெரியும்?"

டிரில் மாஸ்டர் மெல்ல அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டார். "கெளம்புடா" என்றார் மகனிடம். பையன் எழுந்தான், ஆனால் நகரவில்லை. அறைக்கதவுப் பக்கம் ஒரு வளையல் சத்தம்.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தைங்க. அவங்க ஆளுதான் ஜெயிப்பான்னு சொல்லிடுங்க. கொழந்தைக்கோசரம்" என்றார்.

ரெஃப்ரி சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அடி வாங்கி எழுந்திருக்க முடியாதவன் கயிற்றைப் பிடித்துக்கொள்வதுபோல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த ஒரே நிஜமான சண்டை அதுதான்.

"ரோடு ரோலர்..." நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். "ரோடு ரோலருதாங்க ஜெயிப்பான். நான் பேசனது தப்புங்க. மன்னிச்சுக்கணும்."

கதவு திறந்தது. வசந்தா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா பொய் சொல்றாரு" என்றாள். "அவரு அதை நம்பலை. எனக்கோசரம் சொல்றாரு. எங்கப்பாவைத் தோக்கடிச்சிட்டு எனக்குக் கல்யாணம் வேணாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது இடமும் போயிற்று என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது டிரில் மாஸ்டர் அங்கவஸ்திரத்தோடு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பெரிய ஏமாற்றம் இருந்தது.

"இன்னாங்க இது, இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டீங்க? போளூர்ல இதைப் பேச எனக்கு ஒரு ஆளு கெடையாது. பெத்த புள்ளயே எழுந்து போயிடுவான். இப்பதான் ஒருத்தர் கெடைச்சாருன்னு பார்த்தா..." வசந்தாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா, உங்கப்பா நெசமா இன்னா நெனைக்கிறாரு?"

"மீசைக்காரன்தான் ஜெயிப்பான்னு, மாமா."

'மாமா' என்று வாயில் வந்தது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. உள்ளே ஓடிவிட்டாள். கம்பவுண்டர் பையன் முதல் தடவையாகச் சிரித்தான். சம்பந்திகள் இருவரும் தாம்பூலம் மாற்றும்போதும் கால் வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு டிரில் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போளூர் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். பேரப்பிள்ளையைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வார். பேரப்பிள்ளை இருந்தது போளூரில். இருவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார்கள். ஒரு வாரம்கூடத் தீர்ப்பு வந்ததில்லை. சாம்பார் மட்டும் எங்களுக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தது. அந்த அம்மாளே பரிமாறினார்.

சில வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் டிரில் மாஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து மெஸ் திறந்த அன்று ரெஃப்ரி வாளியோடு பேசாமல் இலைகளைச் சுற்றிவந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்த புது வாடிக்கைக்காரர் ஒருவர், "என்ன சொல்லுங்க, உங்க மீசைக்காரன் முன்னாடி அந்த ரோடு ரோலர்லாம் சும்மாங்க" என்றார்.

ரெஃப்ரி வாளியைக் கீழே வைத்தார்.

"யாரு சும்மா? ரோடு ரோலரா? அவன் கால் வேலை இன்னானு தெரியுமாங்க உங்களுக்கு? அவன் எடது கைய பத்தித் தெரியுமா?" என்று ஆரம்பித்தவர், சம்பந்தி சொன்ன ஒவ்வொரு பாயிண்ட்டையும், ஒன்றுவிடாமல், அவர் சொன்ன மாதிரியே கத்திச் சொல்லிக்கொண்டு போனார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.