பெரியப்பா தட்டில் இருந்த பிரான்ஸ்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஆண்பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட வேலை மிகவும் சுலபமானது. தட்டில் வைத்ததைத் தின்ன வேண்டும். காப்பியைச் சத்தம் வராமல் குடிக்க வேண்டும். மற்றதை உடன் வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைக்கூடக் கெடுக்க ஒருவனால் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக, தொண்ணூறுகளில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கோவையில் ஒரு கல்லூரியில் தற்காலிக வரலாற்று விரிவுரையாளர். (வேலைதான் தற்காலிகம், பேச்சு நிரந்தரம்.) மில்லும் பட்டறையுமாக இருக்கிற ஊரில், பையன் ஹிஸ்டரி என்று சொன்னால், "அது செரிங்க, வேலைக்கு என்ன பண்றாப்ல?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியோடு பல ஜாதகங்கள் திரும்பிப் போயிருந்தன. என் முன்நெற்றி முடியும் அவற்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இந்த இடமும் தவறினால் இனிமேல் தான் தேடப் போவதில்லை என்று அம்மா அறிவித்துவிட்டார்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறியதும் அம்மா அந்த வீட்டு நிலவரத்தை ஒப்பித்தார். ஒரே பெண், பெயர் சாந்தாமணி. தாத்தா எழுதிவைத்த தென்னந்தோப்பு பெண் பேரில் இருக்கிறது. பெண்ணின் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை; பக்கத்துத் தோட்டம் அவருடையது. பெண்ணின் அப்பாவுக்கு வரப்புத் தகராறில் ஒரு வழக்கு நடக்கிறது. அன்றைக்குத்தான் வாய்தா, நமக்காகப் போகாமல் வீட்டில் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் 'உம்' போட்டேன். மனசு மட்டும் அடுத்த நாள் வகுப்பில் இருந்தது.

"வாயத் தொறக்காத கண்ணு," என்றார் அம்மா, இறங்கும்போது. "ஏதாச்சும் கேட்டா 'ஆமாங்க', இல்லாட்டி 'இல்லீங்க', அவ்வளவுதான். நடுவால ராசா கதையெல்லாம் வேண்டாஞ்சாமி."

முதல் அரைமணி நேரம் சொன்னபடியே நடந்தேன். சாந்தாமணி காப்பி கொடுத்துவிட்டு உள்கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அதற்கப்புறம் யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. நல்ல மனுஷரான அவளுடைய அப்பா, பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று இரக்கப்பட்டுக் கேட்டார். "இப்ப என்ன பாடம்ங்க போயிட்டிருக்குது?"

இதற்கு ஆமாங்க, இல்லீங்க இரண்டுமே பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

"பிரான்சுல ராஜாக்க எப்பிடி ஒரே நாட்ட உண்டாக்குனாங்கங்கறதுங்க," என்றேன். அம்மாவின் கால்விரல் என் கால்மீது ஏறியது. நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

என் தட்டிலிருந்த மைசூர்பாகுதான் பாரீஸ். ஆரம்பத்தில் ராஜாவுக்கு அவ்வளவுதான் சொந்தம். சுற்றிலும் இருந்த முறுக்கு, காரச்சேவு, வாழைப்பழம் எல்லாம் பிரபுக்களுடையது. பேருக்குத்தான் ராஜாவுக்கு அடங்கினவர்கள். இந்தச் சின்ன மைசூர்பாகு எப்படிப் பெரிய நாடாயிற்று? சண்டை போட்டது பாதி என்றால், புத்தி பாதி என்று விளக்கினேன். (புத்தியைப் பற்றி அன்றைக்கு நான் பேசியிருக்கக் கூடாது.)

பிள்ளையில்லாமல் ஒரு பிரபு இருந்தால் ராஜா அவசரப்பட மாட்டார். பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பிரபு கண்ணை மூடினதும், இதோ இப்படி என்று சொல்லி, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியப்பாவின் தட்டிலிருந்து முறுக்கை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். பெரியப்பா தன் தட்டைப் பார்த்தார். பிறகு தன் தம்பியைப் பார்த்தார்.

இன்னொரு பிரபு சபைக்கு வரச் சொல்லியும் வராமல் இருந்துவிட்டார். ராஜா விடுவாரா? வாய்தாவுக்கு வராதவனுக்கு நிலம் எதற்கு என்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். இதை நான் பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்தே சொன்னேன். வகுப்பில் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த பயிற்சி.

"எல்லாத்தையும் விட சுலபமான வழி கல்யாணம்ங்க," என்று தொடர்ந்தேன். "அக்விடைன்னு ஒரு சீமைங்க. ராஜாவோடத விடப் பெருசு. அதுக்கு வாரிசு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணக் கட்டுனா சீமையும் கூடவே வந்துரும்ங்க."

வெளியே மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"அந்தம்மணிய நல்லாத்தான வெச்சுக்கிட்டாருங்க?" என்று பெண்ணின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

தப்பித்துப் போக அவர் திறந்துவிட்ட கதவு அது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் வரலாற்று ஆசிரியன் பொய் சொல்லலாமா?

"இல்லீங்க. ரெண்டும் பொண்ணாப் பொறந்துருச்சுங்க. அப்பறம் பாத்தா, ராஜாவும் ராணியும் ஒரே கூட்டம்னு சொல்லி அத்து உட்டுட்டாங்கங்க."

எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால், ஜாதகம் எடுப்பதற்கும் முன்னால், கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

பெரியப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "கண்ணாலத்துக்கு முந்தி கூட்டம் கேக்கலீங்களா அவிய?"

அத்தனை பெரிய நாட்டைக் கட்டியவர்களுக்காக நான் வெட்கப்பட்டேன். "இல்லீங்க," என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. "அந்தம்மாவோட சீமை என்னாச்சுங்க?"

"அவங்க கூடவே போயிருச்சுங்க. ராஜா கையில ஒண்ணும் நிக்கல. கொஞ்ச நாள்லயே இங்கிலாந்துக்கு ராஜாவாகப் போறவரக் கட்டிக்கிட்டாங்க."

"நல்லதுங்க," என்றது குரல்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் யாரோ, அவர் யாரோ. வீட்டுக்கு வந்தும் தட்டில் சோறு விழுந்ததே தவிரப் பேச்சு விழவில்லை. உலகத்தில் கல்யாணமே ஆகாத வரலாற்று அறிஞர்கள் யார் யார் என்று யோசித்து ஆறுதல் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா நேரில் வந்தார். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைத்து நான் சமையலறையில் ஒதுங்கிக்கொண்டேன். அவர் அம்மாவிடம் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, சொத்து மேல கண்ணு வெச்சவன் அத வெளிய சொல்லமாட்டானுங்க. உங்க பையன் எங்க முன்னாலயே சொல்லிப்போட்டாரு. ஒண்ணு அவருக்கு ஆசையில்லீங்க. இல்லாட்டி வெவரமில்லீங்க. எதுவா இருந்தாலும் எங்களுக்குப் பயமில்லீங்க."

சாந்தாமணி மட்டும் ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். தோப்பு என்றைக்கும் தன் பேரிலேயே இருக்க வேண்டும்.

ஆமாங்க என்று சமையலறையிலிருந்தே கத்தினேன். அம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சரியான இடத்தில் போட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நான் விட்ட பெருமூச்சில் அணைய வேண்டிய ஸ்டவ் எப்படியோ தப்பித்தது.

தோப்புக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் பெயர் அக்விடைன். எனக்கும் சாந்தாமணிக்கும் பேச்சு முற்றினால், "நான் அக்விடைனுக்குப் போறேன்" என்பாள். நான் உடனே சமாதானத்துக்கு வந்துவிடுவேன். இங்கிலாந்துக்காரன் எவனாவது காத்திருக்கலாம்.

பெரியப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பல்லெல்லாம் போயும் பொங்கலுக்குப் போனால் தன் தட்டில் ஒரு முறுக்கு வைக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார். சபை முழுக்கப் பார்க்கும்படி அதை எடுத்து என் தட்டில் வைப்பார்.

"நானு இன்னும் கண்ண மூடலீங்க மாப்ள," என்பார். "இருந்தாலும் ராஜாவ எத்தன நாளைக்குக் காக்க வெக்கறதுங்க?"