ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜானின் அக்காவுக்கு,

தம்பி நார்மன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் ஃபிளாரிடாவில் சுகமாக இருப்பதை நீ அனுப்பிய ஆரஞ்சுப் பழங்களே சொல்லிவிட்டன. வழியிலேயே உறைந்து கல்லாகி வந்து சேர்ந்தன. ஒன்று கை தவறி விழுந்ததில் அடுப்படித் தரையில் ஓடு பெயர்ந்துவிட்டது, பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் தொலைபேசியில் நீ என்னமோ சொன்னாய். மில் இரைச்சல் தின்றது போக மிச்சமிருக்கும் என் காதில், "நீ சரியா இல்லடா, நான் கிளம்பி வரேன்" என்பது மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். வரவே வேண்டாம். இந்தக் குளிரில் உன் முழங்கால் தாங்காது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உதவித்தொகை நின்றுபோனதாக யாரோ உன்னிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். அது நின்றது உண்மை, திரும்ப வந்ததும் உண்மை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இலையுதிர் காலத்தில் மில்லை மூடினார்கள். அப்பா நின்ற அதே மூன்றாம் நம்பர் மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றியதை நானும் ரோசேரும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ரோசேரை உனக்கு மறந்திருக்காது. கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று மெழுகுவர்த்தியால் உன் முக்காட்டைக் கொளுத்தப் பார்த்தானே, அவனேதான். மிஷின் போனதும் இரண்டு பேரும் மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, வேலையில்லாதவர்களுக்குத் தரும் பணத்துக்கு மனுப் போட்டோம். எதிர்முனையில் ஒரு பெண் பிள்ளை. வேலை போன காரணம் கேட்டாள். "மில்லு போயிடுச்சும்மா" என்றேன். "வேலை இல்லாததாலன்னு போட்டுக்கறேன் சார்" என்றாள். "வேலை நிறைய இருந்துச்சும்மா, மில்லுதான் இல்ல" என்றேன். "அப்படி ஒரு கட்டம் இங்க இல்லையே சார்" என்றாள். பக்கத்தில் நின்ற ரோசேர் சிரித்த சிரிப்பில், சிரிப்பது யார் என்று கேட்டு அவனுக்கும் கையோடு ஒரு மனு எண் கொடுத்துவிட்டாள்.

பணம் வாங்குகிறவன் வாராவாரம் எங்காவது வேலை கேட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த ஊரில் எங்கே போய்க் கேட்பது? பெர்னடெட்டின் சாப்பாட்டுக் கடையை விட்டால் தபாலாபீசு, அதை விட்டால் பிணப்பெட்டிக் கடை. ஆக, மூடிய மில் மொத்தமும் பெர்னடெட்டிடம்தான் வேலை கேட்டது. அவளும் சளைக்காமல், "வேலை இல்ல, காப்பி இருக்கு, உக்காரு" என்று ஒவ்வொருவனுக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள். ரோசேர் மட்டும் வாசலிலிருந்தே, "பெர்னடெட், வேலை கேட்டு வந்திருக்கேன், தப்பித் தவறிக் குடுத்துடாதே!" என்று கத்துவான். மிஷின் பக்கத்தில் நின்று நின்று எங்கள் இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேச வராது. முக்கியமான பேச்சென்றால் மில்லில் பேசிய கைஜாடைதான். பட்டாணி சூப்பில் உப்பு இல்லை என்பதைக்கூட அவன் எனக்கு ஜாடையில்தான் சொல்லுவான். பெர்னடெட் அதையும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட வேண்டும். பேசுவது மனுஷியில்லை, மிஷின். வேலை செய்ய உடம்பில் தெம்பு இருந்ததா, வாரத்தில் ஒவ்வொரு நாளும் வேலைக்குத் தயாராக இருந்தாயா, வந்த வேலையை வேண்டாமென்றாயா என்று வரிசையாகக் கேட்கும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. சிஸ்டர் ஆஞ்சலிடம் பிரம்படி வாங்கி ஞானோபதேசம் படித்தவர்கள் நாம். கேள்வி கேட்கும் குரலைக் கேட்டாலே எனக்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி நினைவுக்கு வந்துவிடும். முழங்கால் போடாத குறையாக நின்றுகொண்டுதான் எண்ணை அழுத்துவேன்.

இனி எழுதுவது கஷ்டமானது அக்கா. ரோசேர் போய்விட்டான். வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவன் மண்வாரியோடு அப்படியே சாய்ந்திருக்கிறான். அவன் மனைவி தெரேஸ் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கிறாள், காது கேட்காத மனுஷன்தானே என்று கொஞ்ச நேரம் சும்மாவும் இருந்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் அழுகிறாள். புதன்கிழமை அடக்கப் பூசை. பெட்டியின் முன்பக்க இடது கைப்பிடி என் கையில். ஆள் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். கோவில் படி முழுக்க உறைபனி. ஒருத்தன் வழுக்கினாலும் ஆறு பேரும் ரோசேரோடு சேர்ந்தே போயிருப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை மிஷின் வழக்கம்போல, ஒவ்வொரு நாளும் வேலைக்குத் தயாராக இருந்தாயா என்று கேட்டது. இருந்தேனா? இல்லை. இரண்டை அழுத்தினேன்.

அதோடு பணம் நின்றது. விசாரணை முடியும் வரை ஒன்றும் கிடையாது என்று கடிதம் வந்தது. வீட்டைச் சூடேற்றும் எண்ணெய் தொட்டியின் அடியைத் தொட்டது. அடுப்படியில் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு படுத்தேன். அப்போதுகூடச் சுகமாகத்தான் இருந்தேன். பெர்னடெட்தான் கேட்டுக் கொதித்துப்போனாள். கடையில் எல்லார் முன்னாலும் காப்பிக் கெண்டியோடு விசாரணை அதிகாரியாகவே மாறி என் எதிரில் நின்றாள்.

"அன்னைக்கு யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருந்தா போயிருப்பியாய்யா?"

"பெட்டியை யார் பிடிக்கிறது?"

"அட மட மனுஷா! ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தை. ரோசேர் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா?"

"கேட்டாலும் கேப்பான்" என்றேன். அவள் காப்பியை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணையும் தொலைபேசியில்தான். அதிகாரி ஒரு பெண்மணி. களைத்த குரல், ஆனாலும் மரியாதையான குரல். எனக்காக உரக்கப் பேசினார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், நீயே நியாயம் சொல்லு.

"மிஸ்டர் திபோடோ, புதன்கிழமை காலையில வேலைக்குக் கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

"காலையில பெட்டி என் கையில இருந்துச்சும்மா."

"சரி. பூசை முடிஞ்ச பிறகு?"

"கோவில் மண்டபத்துல சாப்பாடு. தெரேஸ் பக்கத்துல வந்து உக்காருன்னா."

"சாப்பாடு முடிஞ்சதும்?"

"பாத்திரம் கழுவினேன்."

"சம்பளத்துக்கா?" குரலில் திடீரென்று ஒரு பயம்.

"இல்லம்மா, துக்கத்துக்கு."

 பிறகு, "சார், நான் உங்களுக்கு உதவத்தான் பாக்கறேன். அவசியம்னா போயிருப்பேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

அக்கா, அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அப்பா நமக்குச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மாற்றாள் வந்து தோளில் இரண்டு தட்டுத் தட்டி, 'நான் பாத்துக்கறேன், நீ போ' என்று காட்டினால் ஒழிய, வீடே பற்றி எரிந்தாலும் மிஷினை விட்டு நகரக் கூடாது. முப்பது வருஷம் என் தோளில் தட்டியவன் ரோசேர். அன்று என் இடத்துக்கு யாரும் வரவில்லை, நான் எப்படி நகர்ந்திருப்பேன்? இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. கை மட்டும் தானாக எழுந்து, இல்லை என்று மில் ஜாடை காட்டியது. தொலைபேசிக்கு ஜாடை தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. "போயிருக்க மாட்டேம்மா" என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மண் உறைந்து குழி தோண்ட முடியாததால் ரோசேரைக் கல்லறைத் தோட்டத்துக் கொட்டடியில் வைத்திருக்கிறார்கள், வசந்தத்தில்தான் இறக்குவார்கள், அன்றைக்கும் நான் வேலைக்குத் தயாராக இருக்க மாட்டேன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லணும்னு அவசியமே இல்லையே சார்."

"நீங்க கேட்டீங்களேம்மா."

"நான் கேக்கலை" என்றார். அப்புறம், "என்னோட அனுதாபங்கள். இது பதிவுல சேராது" என்று வைத்துவிட்டார்.

தீர்ப்பு வந்துவிட்டது. நிறுத்தி வைத்த வாரங்களுக்கெல்லாம் பணம் உண்டு. ரோசேர் வாரத்துக்கு மட்டும் கிடையாது. 'அவ்வாரம் மனுதாரர் வேலைக்குத் தயாராக இல்லை' என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பெர்னடெட்தான் அதற்கு ஈடாக ஒரு வாரம் முழுக்க எனக்குக் காப்பிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தாள். எண்ணெய் லாரியும் வந்துவிட்டது, வீடு கதகதப்பாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், சனிக்கிழமை தவறாமல் மொச்சை வேகவைக்கிறேன். ஆகையால் நீ டிக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். பழம் அனுப்புவதானால் கோடையில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
நார்மன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிறகு கிழித்தேன். இன்று ஞாயிறு. மிஷின், வேலை செய்ய உடம்பில் தெம்பு இருந்ததா, ஒவ்வொரு நாளும் தயாராக இருந்தாயா என்று கேட்டது. வியாழக்கிழமையிலிருந்து நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை அக்கா. மொச்சை வேகவைக்கிறேன் என்றது பொய். பூசைக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், எழுந்து வந்து ஒன்றை அழுத்தினேன். அதற்கடுத்ததற்கும் ஒன்றை அழுத்தினேன். மிஷின் நன்றி சொன்னது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. முழங்கால் எப்படி இருந்தாலும் கிளம்பி வா. வந்து ஒன்றும் பேச வேண்டாம், எனக்குக் கேட்காது. தோளில் இரண்டு தட்டுத் தட்டு, போதும்.