ஆகஸ்டில் வராத மலை

மோர்டன், லண்டன்,
செவ்வாய்க்கிழமை.

எங்கள் பழைய மாணவர் சங்க மலரின் ஆசிரியரும், என் கட்டுரைகளுக்கு ஒற்றெழுத்துப் போட்டே கண் மங்கியவருமான அன்புக்குரிய சவிரிமுத்து அண்ணைக்கு, யோகராஜா பணிவோடு எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். டூட்டிங்கில் நீங்களும் அக்காவும் நலமாயிருக்க விம்பிள்டன் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தோனியாரிடம் நீங்களே சொல்லிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

விடயம் என்னவென்றால், மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுமுன், பதினான்காம் பக்கத்திலுள்ள ‘டார்ஜிலிங்கில் பொன்மலை கண்டோம்’ என்ற என் பயணக் கட்டுரையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நாங்கள் மலையைக் காணவில்லை.

கோபிக்காதீர்கள், குற்றத்தில் பாதி உங்களுடையது. கட்டுரை யூலை முப்பத்தொன்றுக்குள் வேண்டும் என்றீர்கள். எங்கள் விமானமோ ஆகஸ்ட் நாலாம் திகதி. வேறு வழியில்லாமல் சமையலறை மேசையிலிருந்தே போய்வந்து எழுதிவிட்டேன். அதிகாலைச் சூரியன் பட்டுக் கஞ்சன்ஜங்கா பொன்னாய் உருகியதையும், அதைக் கண்டு என் மனைவி சிவனேஸ்வரி தேம்பித் தேம்பி அழுததையும் வாசித்துவிட்டு, “உருகிப்போனன் தம்பி” என்று நீங்களே போனில் சொன்னீர்கள். பிறகு அதே இடத்தில் போய் நின்று அவளை ஒருக்கால் அழவைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்டில் அங்கே மழைக்காலம் என்பதை யார் கண்டது? பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையிலேயே ஊர் சுற்றிப் பழகியவர்கள் நாங்கள். மகன் சுஜீத்துக்கு முப்பத்திரண்டு வயதாகி, தலையில் பாதி வழுக்கையும் விழுந்துவிட்டது. ஆனாலும் எங்களுக்கு விடுமுறை என்றால் ஆகஸ்ட்தான். வேறு மாதமும் இருக்கிறது என்ற நினைவே இருவருக்கும் வரவில்லை.

பொம்மை ரயில் மண்சரிவால் நின்றுபோக, ஜீப்பில் ஏறி வளைந்து வளைந்து போகையில் சிவனேஸ்வரி சத்தியெடுக்க, ஜீப்காரர் எங்கள் பருத்தித்துறை வடையில் ஒன்றை ருசி பார்த்துவிட்டு முழுப்பையையும் தன் மடியில் வைத்துக்கொள்ள, ஒருவழியாய் ஹோட்டலில் போய் இறங்கினால் ஊரையே காணவில்லை. ஒரே மூடுபனி. வீதியில் ஆட்கள் அதற்குள்ளிருந்து அரைவாசி வெளியே வந்து, சிரித்து, திரும்பவும் கரைந்துபோனார்கள். எங்கோ ஒரு மடத்தின் மணி அடித்தது. எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியவில்லை. யாருடையதோ கனவுக்குள் தவறிப்போய் நுழைந்துவிட்டது போலிருந்தது.

விடியற்காலையில் மலை பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போன ஜீப்காரர் வெறும் வெள்ளை மூடுபனியைக் காட்டி, “மலை ஒக்டோபரில் வரும், சேர்” என்றார்.

“அப்ப இப்ப அது எங்கயப்பா போயிருக்கு?” என்று சிவனேஸ்வரி என்னைக் கேட்டாள். “அதுவும் ஆகஸ்டிலதான் ஹொலிடே எடுக்குதாக்கும்” என்று அவளே பதிலும் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

மிச்ச நாளெல்லாம் கண்ணாடி அடைத்த விறாந்தையில் ஒரே கம்பளிக்குள் இருந்தோம். உங்களுக்குத் தெரியும், இருபத்தேழு வருடம் எனக்குத் தபால் தரம்பிரிக்கும் இரவு ஷிப்ட், அவளுக்குக் கடையில் பகல் வேலை. ‘மீன் குழம்பு கீழ்த் தட்டில்’, ‘சுஜீத்துக்குக் காய்ச்சல்’ என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுகளாலேயே குடும்பம் நடத்தினோம். பார்க்க ஒன்றுமில்லாத அந்த ஊரில்தான் கதைக்கத் தொடங்கினோம். காப்புப் போடாமல் வெறுங்கையோடு திரிகிறாய் என்று அவளை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அதன் காரணத்தை அங்கேதான் சொன்னாள். “நீங்க வந்து படுத்தாப் பிறகுதானே நான் சமைச்சு வச்சிட்டு வேலைக்குப் போறனான். காப்புச் சத்தத்துக்கு எழும்பிடுவியள் எண்டு கழட்டி வச்சன். பிறகு அப்பிடியே பழகிட்டுது.” எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, அண்ணை.

அடுத்தநாள் கடைத்தெருவில் பச்சைக் கண்ணாடிக் காப்பு ஒரு டசின் வாங்கிப் போட்டுவிட்டேன். திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள். மூடுபனியில் ஆளைத் தெரியவில்லை, காப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஹோட்டல் வாசல் வந்ததும், இன்னும் கொஞ்சத் தூரம் இருந்திருக்கலாமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

இதையெல்லாம் மலரில் எழுத முடியாது. அவள் அழாத அழுகையை அவள் பெயரோடு அச்சில் பார்க்கவும் எனக்கு ஏலாது. ஆகவே அந்தப் பக்கத்தில் ஏதாவது நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் கண்ணுக்கு ஒளியும், மலருக்கு விளம்பரமும், சங்கத்துக்கு ஒற்றுமையும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மலை காணாத
யோகராஜா

பி.கு.: ஒட்டுமுன் சிவனேஸ்வரி பிடுங்கி வாசித்துவிட்டாள், கட்டுரையையும் கேட்டு வாங்கி வாசித்தாள். “ஐயோ, இதை எடுக்கச் சொல்லாதேங்கோ! கோயிலில எங்கட சங்கத்துச் சாருஜா நேராக் கேட்டவ, மலை தெரிஞ்சதோ எண்டு. ஓம், பளிச்செண்டு தெரிஞ்சது எண்டு சொல்லிப்போட்டன். ஆனா நானெங்கயப்பா அழுதனான்? காப்பைப் போட்டுவிட்டிட்டு நடுரோட்டில நிண்டு அழுதது நீங்களெல்லோ?” என்கிறாள். ஆகவே கட்டுரை அப்படியே இருக்கட்டும். ‘என் மனைவி அழுதாள்’ என்பதை மட்டும் ‘நான் அழுதேன்’ என்று மாற்றிவிடுங்கள். ‘தேம்பித் தேம்பி’ இருக்கட்டும்.