ரீச் அண்ணனும் எங்கள் கோழியும்

மைசூரில் ரீச் அண்ணனின் கேமராவுக்குத் தப்பியவரும் இல்லை. அவர் வீடியோவை முழுதாகப் பார்த்தவரும் இல்லை. எங்கள் தமிழ்த் திருச்சபைக்கு மைக்செட் போடுபவர் அவர். எதைக் கண்டாலும் "இதுக்கு ரீச் இருக்காது" என்பார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

வைரல் ஆவதற்கு விதவிதமான சூத்திரங்கள் வைத்திருந்தார். அழுகை வேண்டும், நாய்க்குட்டி வேண்டும், எடுத்த எடுப்பில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். தாலி கட்டி முடிந்த மணப்பெண்ணிடம் போய், "இன்னொரு வாட்டி அழும்மா, ஃபோகஸ் ஆகல" என்றார். பாஸ்டரிடமே, "ஐயா, எடுத்தவுடனே நரகத்தச் சொல்லிடுங்க, ஜெபத்த அப்பறம் வச்சுக்கலாம்" என்றார். ஞானஸ்நானத்துக்கு நாய்க்குட்டியோடு வந்தார். ஒன்றும் ஓடவில்லை.

கடைசியில் ஓடியது என் வீடியோ.

காணிக்கைப் பொருட்களைச் சபையிலேயே ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் வளர்த்த கோழியைக் கொடுத்திருந்தோம். மேடையிலிருந்து அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மீட்டுவிடலாம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து கை தூக்கினேன். ஆண்கள் பக்கம் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போனது. யார் கை என்று சபைக்கே தெரியும். என்னிடம் சொல்லாமல் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கடுப்பில், "யாருங்க அது, என் கோழிக்குப் போட்டி போடறது? தைரியம் இருந்தா எந்திரிச்சு நில்லுங்க!" என்று கத்தினேன்.

என் கணவர் எழுந்து நின்றார். அவருக்கும் மனசு கேட்கவில்லையாம்.

ரீச் அண்ணன் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த போனில் அது பதிவாகியிருந்தது. நாய் இல்லை, அழுகை இல்லை, ஃபோகஸ்கூட இல்லை. "எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்று எழுதி ஆளாளுக்கு அனுப்பினார்கள். நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் கொக்கரிப்பு. காய்கறிக்காரர்கூட, "மேடம், கோளி எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை விசாரித்தார். கூசிப்போய்ச் சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

அண்ணன் வீட்டுக்கே வந்தார். "டீச்சரம்மா, தூக்கிட்டேன்."

"எதண்ணே?"

"அந்த வீடியோவ."

"உங்களுக்கு ஓடின ஒண்ணே ஒண்ணு அதுதானேண்ணே!"

"ஊரே சிரிச்சுது. நீங்க சிரிக்கலியே, அப்பறம் என்ன ரீச்சு?"

அத்தனை நாளும் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்ததை நினைத்து, கோழி வெட்கத்தைவிடப் பெரிய வெட்கமாகப் போயிற்று.

இந்த வருட ஏலத்தில் ஒரு பூசணிக்காய் வந்தது. அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார். நான் கை தூக்கினேன். வீட்டில் பேசிவைத்தபடி தூணுக்குப் பின்னாலிருந்தும் கை எழுந்தது. "அண்ணே, போன எடுங்க" என்றேன். திட்டம் போட்டுச் செய்வதற்கு ரீச் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் எடுத்தார். அவர் சிரித்த சிரிப்பில் படம் முழுக்க ஆடுகிறது.

அதை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். தினமும் பார்க்கிறேன்.