அத்தான் தேடிய உத்தமக் குடித்தனம்

மனித குலம் குகையை விட்டு வெளியேறியதற்கு வெயில், மழை, மிருக பயம் என்று ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். குகைக்கு வாடகை வரவில்லை என்பதே உண்மைக் காரணம். இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்தவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் கணக்கர். 'தனிவீட்டு முதலீட்டாளர் மன்றம்' என்ற மகத்தான அமைப்பில் அவர் உறுப்பினரான பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குள் ஞானம் நுழைந்தது. மன்றத்தின் ஆலோசகர் கோட்டு போட்டவர். மேடையில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நீங்க குடியிருக்கிற வீடு தண்டச்சோறு தின்னுட்டுக் கிடக்கு. வாடகைக்கு விட்டா அதுதான் சம்பாதிக்கிற புள்ளை. எது வேணும்?"

அத்தானுக்குச் சம்பாதிக்கிற புள்ளை வேண்டியிருந்தது. கடன் வாங்கி ஊருக்கு வெளியே மூன்று தனிவீடுகள் வாங்கினார். பிறகு தாம் குடியிருந்த தண்டச்சோற்றையும் வாடகைக்கு விட்டு, மன்றத்து உறுப்பினரான ஒரு பல் டாக்டரின் வீட்டுக்குக் குடும்பத்தோடு வாடகைக்குப் போனார். பல் டாக்டர் இன்னோர் உறுப்பினரின் வீட்டில் இருந்தார். இப்படி மன்றத்தார் ஒருவர் வீட்டில் ஒருவர் குடியிருந்து, ஒருவருக்கொருவர் வாடகை கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பணக்காரர் ஆகிக்கொண்டிருந்தார்கள். இந்த நுட்பம் எனக்குப் பிடிபடவில்லை. நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். யாராவது ஒருத்தர் கையைக் கடித்தால்தான் இன்னொருத்தருக்கு லாபம் என்ற பழைய பாடத்தோடு நின்றுபோனவன்.

பல் டாக்டர் தம் வீட்டை விற்கப்போவதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படியும் சொல்லியனுப்பினார். அதே வாரம் அத்தானின் பழைய வீட்டில் குடியிருந்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"எங்க கிளம்பறே?" என்றார் அத்தான்.

"நம்ம வீட்டுக்கு."

"அது வீடு இல்லம்மா. அசெட்."

"அப்ப நானும் புள்ளைங்களும் எங்க போறது?"

"மார்க்கெட்ல வீட்டுக்கா பஞ்சம்?"

அக்கா சண்டை போடவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எவர் துள்ளினாலும் ஊசியை நிதானமாக இறக்கத் தெரியும். "சரி, அதை எனக்கே வாடகைக்கு விடுங்க. என் சம்பளத்துல குடுத்துடறேன்" என்றாள்.

அத்தான் யோசித்தார். "விண்ணப்பம் பண்ணலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காத இப்பேர்ப்பட்ட நேர்மையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டின் காலிக் கூடத்தில் நேர்காணல். அக்காவுக்குச் சிபாரிசு சொல்ல நான் போயிருந்தேன். அத்தான் மடக்கு நாற்காலியில் இருந்தார். எங்களை நிற்க வைத்தார்.

"எத்தனை பேர் மேடம்?"

"நான், ரெண்டு புள்ளைங்க, வீட்டுக்காரர்."

"அவர் என்ன பண்றார்?"

"வீடு வாங்கி வாங்கிப் போடறார்."

அத்தான் முகம் சுளித்தார். "கடன் இருக்குமே."

"கழுத்து வரைக்கும்."

"ஆள் எப்படி? சத்தம் போடுவாரா?"

"முழிச்சிட்டிருந்தா உளறுவார். தூங்கினா குறட்டை."

"பசங்க சுவத்துல கிறுக்குவாங்களா?"

"கிறுக்கியிருக்காங்க. உங்க முதுகுக்குப் பின்னாடிதான்."

"அதெல்லாம் வெள்ளையடிச்சாச்சு" என்று அத்தான் எழுந்து சமையலறையைக் காட்டினார். அக்கா குள்ளம். அவள் உயரத்துக்கு இறக்கிக் கட்டிய மேடை அது. "மேடை கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கும். முன்னாடி இருந்தவங்க அப்படிக் கட்டிட்டாங்க."

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நல்லவங்கதான். என்ன, வீட்டை ரொம்ப சொந்தம் கொண்டாடுவாங்க."

நான் தொண்டையைக் கனைத்து, "அத்தான், இவங்களை எனக்குப் பிறந்ததுலேர்ந்து தெரியும். நம்பி விடலாம்" என்றேன்.

"சொந்தக்காரங்க சிபாரிசு செல்லாதுப்பா" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, குரலில் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "மன்னிக்கணும் மேடம். உங்களுக்கு விட முடியாது. நீங்க இதைச் சொந்த வீடுன்னு நெனச்சுடுவீங்க. அப்புறம் காலி பண்ண வைக்கறது பெரும்பாடு."

"இது என் நகையை வித்துக் கட்டின வீடு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அக்கா என்னைப் பார்த்து, "வண்டி கொண்டாந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே பிள்ளைகளும் பாத்திரங்களுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தானை யாரும் கூப்பிடவில்லை. அவர் இப்போது மோட்டார் கம்பெனிக் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே 'தற்காலிகமாக' வசித்து வருகிறார். ஆனாலும் மனம் தளரவில்லை. போன வாரம் என்னைத் தேடி வந்து, பழைய வீட்டுக்கு உத்தமமான குடித்தனம் அமைந்துவிட்டதாகச் சொல்லிக் கையோடு அழைத்துப் போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு ரெடிமேட் கடைக்காரர் தம் கடைப் பொம்மைகளை வைத்துக்கொள்ள அந்த வீட்டை எடுத்திருந்தார். கூடத்தில் சட்டை மாட்டிய ஓர் ஆண், பூப்போட்ட கவுனில் ஒரு பெண், பக்கத்தில் சின்னதாக இரண்டு. ஒன்றுக்கும் தலை இல்லை. மன்றத்தில் சேரவும் அது கட்டாயமில்லை என்று கேள்வி.

"பாரு" என்றார் அத்தான், கண்கள் பனிக்க. "சமைக்கல, கிறுக்கல, ஆணி அடிக்கல. எவ்வளவு அடக்கமான குடும்பம்."

மனிதர் வசிக்கத் தகுதியற்ற வீடு என்று அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டுவதுண்டு. வீட்டில் வசிக்கத் தகுதியற்றவர் மனிதர்தான் என்று முதன்முதலில் நிரூபித்த பெருமை அத்தானையே சேரும். அதற்காக அவர் எங்கும் அலையவில்லை. கட்டின பெண்டாட்டியையே வாசலுக்கு வெளியே நிறுத்தி நிரூபித்தார்.