ஒட்டினால் பிரியாது

மேனேஜர் காலையில் உள்ளே நுழைந்தபோது, வரவேற்பறைச் சுவர் 'ஒட்டினால் பிரி' என்று அவருக்குக் கட்டளையிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அங்கே 'ஒட்டினால் பிரியாது' என்றுதான் இருந்தது. பசை தயாரிக்கிற கம்பெனிக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் ஏது? முழ உயரத்துக்குச் சிவப்பு வினைல் ஸ்டிக்கர் எழுத்துகள். அவற்றில் கடைசி இரண்டும் இப்போது தரையில் மல்லாந்து கிடந்தன.

"வந்தவங்க ரெண்டு பேரு படிச்சுட்டுச் சிரிச்சாங்க சார்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அவளும் சிரித்து முடித்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர் போயிருந்த முதலாளி போனில் கூப்பிட்டு, தானே ஆள் அனுப்பிப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கும் சுவரில் நம் வாசகத்தை ஒட்டிவிடச் சொல்லியிருந்தார். முக்கியமான விருந்தாளிகளோடு இன்று மதியம் வந்துவிடுவார். போன தடவை விருந்தாளிகள் வந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றுபோனதற்காகக் குடோனுக்கு மாற்றப்பட்ட பழைய மேனேஜர், இன்னும் அங்கேதான் டின் அடுக்கிக்கொண்டிருக்கிறார். குடோன் தூசியோ இப்போதைய மேனேஜரின் இழுப்புக்கு ஆகவே ஆகாது.

ஸ்டிக்கர்காரர் வரவழைக்கப்பட்டார். சுவரை ஈரத்துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார், தலை உலர்த்தும் மெஷினால் எழுத்துகளுக்குச் சூடு காட்டினார், பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தித் தேய்த்தார். கடைசி 'து'வைத் தேய்த்து முடிப்பதற்குள் முதல் 'ஒ' சுருண்டு விழுந்தது. அதைப் பிடிக்க ஓடினால் நடுவில் 'னா' குதித்தது. அவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"தாமரை இலைத் தண்ணி மாதிரியில்ல இருக்கு. இப்படி ஒரு பெயிண்ட நான் பாத்ததே இல்ல சார். ஒரு மாசம் காயட்டும், அப்புறம் பாக்கலாம்."

முதலாளி மதியமே வருகிறார் என்று மேனேஜர் சொன்னதும், அவர் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் மேனேஜருக்குப் புத்தியில் உறைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா? கம்பெனியின் உயர்ரகப் பசையில் ஒரு டின் கேட்டுக் குடோனுக்குச் சொல்லி அனுப்பினார். கொண்டுவந்தவர் பழைய மேனேஜர். சுவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பசை தடவி ஒட்டிய எழுத்துகள் விழவில்லை. நத்தை மாதிரி, அவசரமே இல்லாமல், வரிசை கலையாமல் கீழே இறங்கின. மேனேஜர் ஓடி ஓடித் தாங்கிப் பிடித்தார். 'யா' அவர் உள்ளங்கையோடு தங்கிவிட்டது. 'து' சட்டைப்பையில் அமர்ந்துகொண்டது. வரவேற்புப் பெண் பிடித்து இழுத்ததில் எழுத்து வந்தது, கூடவே பையும் வந்தது. வாசகம் பொய்யில்லை என்பது சட்டையில் நிரூபணமாயிற்று. சுவரில்தான் ஆகவில்லை.

இனி மானப் பிரச்சினை. எறும்பு ஊரக் கல்லே தேயும்போது பெயிண்ட் தேயாதா? முரட்டு உப்புத்தாள் வாங்கிவரச் செய்து, எழுத்து வரும் இடத்தைத் தேய்த்தார். அந்த இடம் மட்டும் மங்கி, தேமல் விழுந்த மாதிரி ஆயிற்று. அது தெரியாமல் இருக்கச் சுற்றிலும் தேய்த்தார். தேமல் பெரிதாயிற்று. கடைசியில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி, முழுச் சுவரின் பளபளப்பையும் தேய்த்தே எடுத்துவிட்டார். பிறகு பசை தடவி, எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார்.

நின்றன.

நகத்தால் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. வரவேற்புப் பெண்ணும் தன் பங்குக்கு இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. 'து'வின் ஓரத்தில் சட்டைத் துணி கொஞ்சம் நீலமாக எட்டிப் பார்த்ததைத் தவிரக் குறையே இல்லை. மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறிது நேரத்தில் முதலாளி மூன்று விருந்தாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். சுவரை நோக்கிக் கை நீட்டியவர், நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். விருந்தாளிகளில் ஒருவர் கிட்டே போய் 'ஒ'வைப் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். எழுத்து இம்மியும் நகரவில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று கைகுலுக்கிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

"யாரு ஒட்டுனது?" என்று கேட்டார் முதலாளி.

"நான்தான் சார். தனியாளா."

முதலாளி ஒன்றும் பேசாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனுஷனுக்குப் பேச்சே எழவில்லை, அவ்வளவு நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற டிரைவரிடம் போய், விருந்தாளிகள் நம் பசையைப் பற்றி வண்டியில் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள் என்று ஆசையோடு விசாரித்தார்.

"பசையா? அவங்க வந்தது நம்ம கம்பெனி புதுசா போடப்போற பெயிண்ட்டப் பாக்க சார்," என்றார் டிரைவர். "எவனும் சுவத்துல நோட்டீஸ் ஒட்ட முடியாத பெயிண்ட்டாம். 'நேத்து ஒட்டச் சொன்ன எழுத்தெல்லாம் இன்னிக்கு உதிர்ந்து கெடக்கும், வந்து பாருங்க'ன்னு ஐயா வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தாரு."