கார்டைத் தாரை வார்த்தவன்

கடலூர் மாவட்டத்தில் இரண்டு கண்ணையும் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து "இப்பதான் மச்சான் நிம்மதியா இருக்குது" என்று சொன்ன ஒரே பிரகிருதி எங்கள் தாரைதான். கண் என்றால் அவனுடைய கண் இல்லை, அவன் வேலை பார்த்த கம்ப்யூட்டரின் கண். அவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. நான் ஆல்பம் டிசைனர், தாரை எடிட்டர். நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். எடிட்டிங் சாஃப்ட்வேர் ஓடுவதற்கு ஊரே வைத்திருக்கிற சிஸ்டம் ஒன்று உண்டு. தாரை அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டான், "அது" என்பான். எப்போதோ ஒரு வைரஸ் வந்து யாரோ ஒருவரின் வளைகாப்பை முழுசாகத் தின்றுவிட்டதாம். அன்றிலிருந்து அவன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டம்தான். "அது" வேண்டுமென்றால் லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் உட்கார வைப்பான். அதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின்.

பொய்க் கம்ப்யூட்டரில் வீடியோ நொண்டும். அதனால் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே கழற்றாமல் கழற்றி, அதன் கையில் நேரடியாக ஒப்படைத்துவிட்டான். ஒப்படைத்த நொடியில் லினக்ஸின் திரை அணைந்துபோகும். அப்புறம் கார்டு மேல் லினக்ஸுக்கு எந்த உரிமையும் கிடையாது. அவசரம் என்றால் தாரை தன் செல்போனிலிருந்து வைஃபை வழியாக லினக்ஸோடு பேசுவான்.

"நம்ம கார்டு, நம்ம கடை. திரும்பக் கேட்டா குடுக்காதாடா?" என்று கேட்டார் முதலாளி. அவரை நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

"தாரை வாத்துக் குடுத்தாச்சி மாமா. பொறந்த வூட்டுக்குக் கூப்புடணும்னா மொத்தத்தையும் ஆஃப் பண்ணித்தான் கூப்புடணும்."

அன்றிலிருந்து அவன் பெயர் தாரை. அப்பா அம்மா வைத்த பெயர் ஸ்டுடியோவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சம்பளக் கவரிலேயே மாமா அப்படித்தான் எழுதுவார்.

வெயில் காலத்தில் கார்டு சூடாகிறது என்று வாடிக்கையாளருக்குப் போட்ட மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைப்பான். ஒரு மாப்பிள்ளை வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தவர், "எனக்குக் கொஞ்சம் காத்து வருமா தம்பி" என்று கேட்டார். "உங்க ரிசப்ஷனுக்குத்தான் சார் காத்து போவுது" என்றான். மனிதர் நம்பிக்கொண்டு கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை சுகந்தி வந்தாள். காட்டுமன்னார்கோயில் பெண், நாங்கள்தான் வீடியோ எடுத்தோம், கல்யாணமாகிப் பத்து நாள், தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, அவர் சொன்னார் என்பதற்காகவே கல்யாணத்தை நடத்தி முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன்.

"எடிட் பண்ணாததே போதும்ணா. பந்தி மட்டும் முழுசா வேணும்."

பந்தியை யாராவது விரும்பிக் கேட்பார்களா? நாங்கள் முதலில் வெட்டுவதே அதைத்தான். விஷயம் இதுதான். அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தார். வந்தது பெரிதில்லை, கை நனைத்தாரா என்பதுதான் கேள்வி. சாப்பிடாமல் போனால் பகை தீரவில்லை என்று அர்த்தம். எல்லோரும் "சாப்ட்டாரு, சாப்ட்டாரு" என்றார்கள். ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறவரிடம் வேறு என்ன சொல்வார்கள் என்று அவர் நம்பவில்லை. சுகந்தி மணவறையில் இருந்ததால் அவளும் பார்க்கவில்லை.

"அது தெரியாம உள்ள போவ மாட்டேன்னு அடம் புடிக்கிறாருண்ணா" என்றாள்.

தாரை அப்போதுதான் முதன்முறையாக ஒரு வாடிக்கையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். காரணம், அன்று காலையில்தான் அவன் சரித்திரத்திலேயே பெரிய தப்பைச் செய்திருந்தான்.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் செருகுகிற தாய்ப்பலகையை, அதாவது மதர்போர்டைப் புதிதாக மாற்றியிருந்தான். அந்தப் போர்டில் கார்டைத் தனியாகக் கொடுக்க வழியில்லை. கூட்டுக் குடும்பம் மாதிரி, கீபோர்டு, மவுஸ் செருகும் இடம், நெட்வொர்க் எல்லாம் அதோடு ஒரே கட்டு. கொடுத்தால் மொத்தமாகத்தான் கொடுக்க வேண்டும். தாரை மொத்தமாகக் கொடுத்தான். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் தானாகவே கொடுத்துவிடும்படியும் எழுதிவைத்தான். வாங்கிக்கொண்ட பொய்க் கம்ப்யூட்டரோ பாதி வழியில் மயங்கி விழுந்துவிட்டது. லினக்ஸுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை, செல்போனில் கூப்பிட்டால் கேட்கக் காதும் இல்லை. ஆஃப் பண்ணிப் போட்டாலும் முதல் வேலையாக மறுபடி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தது.

கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. சுகந்தியின் கல்யாணம் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

மாமா சும்மா இருப்பாரா? டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். லினக்ஸ் எழுதிய டிஸ்கை லேப்டாப்புக்குப் படிக்கத் தெரியாது. மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது.

"ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. ஓகே குடுத்துரவா?"

தாரை ஆல்பம் அடுக்கியிருந்த மேஜை மேல் ஏறிக் குதித்து லேப்டாப்பிலிருந்து டிஸ்கின் வயரைப் பிடுங்கினான். என்னுடைய மூன்று ஆல்பங்கள் காலடியில் நசுங்கின. ஓகே கொடுத்திருந்தால் டிஸ்க் மொத்தமும் அழிந்து, சித்தப்பா சாப்பிட்டாரா என்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்தான். பாதி டீயில் எழுந்து, டிஸ்கைப் பழைய இடத்தில் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கிராஃபிக்ஸ் கார்டை நிஜமாகவே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்தக் கட்டுக்குள் ஒரு சாமான் குறைந்தால் மொத்தக் கட்டையும் கொடுக்க முடியாதல்லவா. கம்ப்யூட்டரைப் போட்டதும், போர்டிலேயே இருந்த சாதாரண வீடியோ இணைப்பு வழியாக லினக்ஸ் கண் விழித்தது. கீபோர்டு வேலை செய்தது. தாரை தான் எழுதிவைத்த அந்தத் தானப் பத்திரத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டுக் கார்டைத் திரும்ப மாட்டினான், இந்த முறை லினக்ஸுக்கே.

"பொறந்த வூட்டுக்கே வந்துட்டாளா?" என்றேன்.

"ரெண்டு நாளைக்கு மட்டும்தான் மச்சான்."

கேமராவின் ஃபைல் மாமாவின் லேப்டாப்பில் திக்கியது, சுகந்தி பென் டிரைவில் கொண்டுபோன நகல் ஆஸ்பத்திரி டிவியில் திறக்கவே இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அவனும் சிபியூவையும் மானிட்டரையும் போர்வையில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். தாரை வழி நெடுக சிபியூவை மடியில் வைத்திருந்தான்.

"என்னாப்பா அது, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"இன்னிக்கி மட்டும் டிவிதாங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ப்ளக் பாயிண்டை விடமாட்டேன் என்றார். ஒரு தேர்ந்த பொய்யனைப் போல தாரை சொன்னான், "டாக்டர் பாக்கச் சொன்ன வீடியோங்க சிஸ்டர்." சுகந்தியின் அப்பா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தார். தாலி கட்டியதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். உடனே "பந்திக்குப் போ" என்றார்.

முதல் பந்தியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது பந்தியில், தூணுக்குப் பக்கத்து இலையில், வெள்ளைச் சட்டையில் ஒருவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பார் முடிந்து ரசம் வந்தது. உறிஞ்சிவிட்டு, போய்விட்ட ரசக்காரரைக் கை காட்டித் திரும்பக் கூப்பிட்டார்.

"நிறுத்து" என்றார் அப்பா. ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டாந்தடவ வாங்குறான் பாரு. மனசுல வச்சிருக்கறவன் ரெண்டாந்தடவ ரசம் கேக்க மாட்டான்." பிறகு, "இன்னொரு வாட்டி ஓட்டு தம்பி" என்றார்.

தாரை ஆறு தடவை ஓட்டினான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "கார்டு இல்லாம இருந்தா அந்த ரசம் திக்கியிருக்கும் மச்சான்" என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செவ்வாய்க்கிழமையே கார்டை மறுபடியும் பொய்க் கம்ப்யூட்டருக்குத் தாரை வார்த்துவிட்டான், மாமா கத்தினார்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். வீடியோ எடிட் செய்தது அவன்தான். தாலி கட்டுவது மூன்று நிமிஷம், பந்தி நாற்பது நிமிஷம். என் சொந்தக்காரர்கள் இலை இலையாக மென்றுகொண்டே இருக்கிறார்கள். அதில் ஒரு வாயைக்கூட நான் இதுவரை வேகமாக ஓட்டித் தாண்டியதில்லை.